தூய ஆற்றலுக்கான உலோக நானோ துகள்கள்: ஆக்குவதும், அவைதான் வேலை செய்கின்றனவா என்று அறிவதும்

முதுகலை வேதியியல் முடித்து ஆய்வில் சேரவிருக்கும் ஒருவர் நான்கு கேள்விகளைக் கேட்டிருக்கிறார். எரிபொருள் கலத்துக்கும் (ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் வினைபுரியவைத்து மின்சாரம் தரும் கருவி) நீர் மின்னாற்பகுப்புக்கும் (மின்சாரத்தால் நீரைப் பிரிப்பது) உலோகத்தை ஏன் நானோ அளவில் பயன்படுத்த வேண்டும்? ஒரே அளவான துகள்களை எப்படி ஆக்குவது? ஆக்கியது நல்ல வினையூக்கிதான் என்பதை எந்த அளவீடுகளால் நிறுவுவது? பிளாட்டினம் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா? நான்கும் நல்ல கேள்விகள்தான். ஆனால் மூன்றாவதற்கே அதிக இடம் ஒதுக்கப் போகிறேன். துகள்களை விரும்பிய அளவிலும் வடிவிலும் ஆக்கும் திறமை இத்துறையில் வெகுவாக வளர்ந்திருக்கிறது. ஆக்கிய துகள்தான் வினையை நடத்துகிறது என்று ஐயமறக் காட்டும் பழக்கம் அதே அளவுக்கு வளரவில்லை என்பது என் கருத்து.

முதல் கேள்விக்கு எளிய கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கலாம். வினை நடப்பது உலோகத்தின் மேற்பரப்பில். உள்ளே புதைந்த அணுக்களுக்கு அதில் நேரடிப் பங்கு இல்லை. பிளாட்டினத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 21.45 கிராம். ஒரு கிராமை ஒரே உருண்டையாக வைத்தால் அதன் மேற்பரப்பு சுமார் 0.63 சதுர சென்டிமீட்டர். அதே ஒரு கிராமை 3 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளாகப் பிரித்தால் மொத்தப் பரப்பு சுமார் 93 சதுர மீட்டர். அணுக்களை எண்ணியும் இதைப் பார்க்கலாம். எட்டு முக்கோண முகங்களும் ஆறு சதுர முகங்களும் கொண்ட படிக வடிவில் 923 அணுக்களை அடுக்கினால், விட்டம் ஏறத்தாழ 3 நானோமீட்டர் இருக்கும். அவற்றில் 362 அணுக்கள், அதாவது 39 விழுக்காடு, வெளிப்பரப்பில் இருக்கும். விலை உயர்ந்த உலோகத்தில் பத்தில் நான்கு பங்கு அணுக்கள் வேலைக்கு வருகின்றன என்பதே நானோ அளவின் முதல் நன்மை.

ஆனால் துகள் சிறுக்கச் சிறுக்க எல்லாம் மேம்படும் என்று நினைப்பது தவறு. உலோகத்தின் உட்பகுதியில் ஓர் அணுவைச் சுற்றி 12 அண்டை அணுக்கள் இருக்கும். மேலே சொன்ன வடிவத்தில் முக்கோண முகத்தின் அணுவுக்கு 9 அண்டைகள், சதுர முகத்தில் 8, விளிம்பில் 7, மூலையில் 5. அண்டை அணுக்கள் குறைந்த அணு, தன்மேல் வந்து ஒட்டும் மூலக்கூறுகளை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாட்டியே வகுத்த நெறி இங்கே முக்கியமாகிறது: வினைப்படு பொருளை மிகத் தளர்வாகப் பிடிக்கும் பரப்பில் வினை தொடங்குவதே இல்லை, மிக இறுக்கமாகப் பிடிக்கும் பரப்பில் விளைபொருள் விலகிச் செல்வதில்லை. ஆக்சிஜன் ஒடுக்கத்தில் (எரிபொருள் கலத்தில் ஆக்சிஜன் எலக்ட்ரான்களை ஏற்று நீராகும் வினையில்) பிளாட்டினம் ஏற்கெனவே ஆக்சிஜனைச் சற்று இறுக்கமாகப் பிடிக்கும் உலோகம். எனவே துகள் சிறுத்து, மூலைகளும் விளிம்புகளும் பெருகும்போது, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கான செயல்திறன் குறைகிறது. பரப்பு கூடுவதும் திறன் குறைவதும் ஒன்றையொன்று எதிர்க்கும்போது, ஒரு கிராமுக்கான செயல்திறன் ஏறத்தாழ 2 முதல் 4 நானோமீட்டர் அளவில் உச்சம் அடைகிறது. தங்கம் வேறுவிதமானது: கட்டியாக இருக்கும்போது மந்தமான அந்த உலோகம், இரும்பு ஆக்சைடு போன்ற தாங்கிகளின் மேல் சில நானோமீட்டர் துகள்களாக அமர்ந்தால் கார்பன் மோனாக்சைடை உறைநிலைக்கு வெகு கீழேயும் ஆக்சிஜனேற்றுகிறது என்று மசடாகே ஹருடா 1987-இல் காட்டினார். அளவு என்பது பரப்பைப் பெருக்கும் வழி மட்டுமன்று, உலோகத்தின் குணத்தையே மாற்றும் காரணி என்பதை வேதியியலாளர்கள் பரவலாக ஏற்றுக்கொள்ள அந்த முடிவு பெரிதும் உதவியது.

எரிபொருள் கலத்தில் சிக்கல் எங்கே என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமில ஊடகத்தில் ஹைட்ரஜன் தன் எலக்ட்ரான்களை இழப்பது பிளாட்டினத்தின் மேல் மிக வேகமாக நடக்கும். ஆக்சிஜன் நான்கு எலக்ட்ரான்களையும் நான்கு புரோட்டான்களையும் ஏற்று நீராவதுதான் மந்தமான வினை. 25 பாகை செல்சியஸில் கொள்கையளவில் கிடைக்க வேண்டிய மின்னழுத்தம் 1.23 வோல்ட், வேலை செய்யும் கலத்தில் கிடைப்பது பெரும்பாலும் 0.6 முதல் 0.7 வோல்ட். இந்த இழப்பில் பெரும்பங்கு ஆக்சிஜன் பக்கத்தில்தான் ஏற்படுகிறது. பிளாட்டினத்தோடு நிக்கல் அல்லது கோபால்ட் சேர்த்தால், சிறிய அணுக்கள் படிகக் கட்டமைப்பைச் சுருக்குகின்றன. மேலடுக்குப் பிளாட்டினத்தின் எலக்ட்ரான் நிலைகள் நகர்ந்து, ஆக்சிஜன் மீதான பிடி சற்றுத் தளர்கிறது. மூன்று பங்கு பிளாட்டினமும் ஒரு பங்கு நிக்கலும் கொண்ட ஒற்றைப் படிகத்தின் (111) முகம், அதாவது மேலே சொன்ன முக்கோண முகத்தின் அணு அடுக்கு கொண்ட பரப்பு, தூய பிளாட்டினத்தின் அதே முகத்தைவிடப் பத்து மடங்கு செயல்திறன் கொண்டது என்று 2007-இல் ஸ்டாமென்கோவிச் குழுவினர் வெளியிட்டனர். அந்தப் படிகத்தின் திறனை நானோ துகளில் கொண்டுவருவதே அதன்பின் வந்த ஆய்வுகளில் பலவற்றின் இலக்கு. 2014-இல் விற்பனைக்கு வந்த டொயோட்டா மிராய் காரின் எரிபொருள் கலத்தில் பிளாட்டினம்-கோபால்ட் உலோகக்கலவைதான் பயன்படுத்தப்பட்டது.

இனி ஆக்குவது. பெரிய கட்டியை அரைத்தோ லேசரால் தாக்கியோ சிறிதாக்கும் வழிகள் உண்டென்றாலும், வினையூக்கத் துறையில் பெரும்பாலும் கரைசலில் உள்ள உலோக அயனிகளை ஒடுக்கி, அதாவது எலக்ட்ரான் கொடுத்து உலோகமாக்கி, துகள்களை வளர்க்கிறோம். மைக்கேல் ஃபாரடே 1857-இல் தங்க உப்பைப் பாஸ்பரஸால் ஒடுக்கிச் சிவந்த கூழ்மத்தைப் பெற்றது முதல் இன்றுவரை அடிப்படை மாறவில்லை: ஓர் உலோக உப்பு, ஓர் ஒடுக்கும் காரணி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும் ஒரு பொருள். கொதிக்கும் தங்கக் குளோரைடு கரைசலில் சோடியம் சிட்ரேட்டைச் சேர்க்கும் டர்கெவிச் முறையில் சிட்ரேட்டே ஒடுக்கியாகவும் காப்பானாகவும் இருக்கிறது. 15 முதல் 20 நானோமீட்டர் அளவில், திராட்சை மதுவின் சிவப்பில் கூழ்மம் கிடைக்கும். தொடக்கநிலை ஆய்வாளர் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வினை இல்லை. நிற மாற்றமே துகள் வளர்வதைக் காட்டிவிடுகிறது. பிளாட்டினம் இந்த உதவியைச் செய்வதில்லை, அதன் கூழ்மம் வெறும் பழுப்பும் கருப்பும்தான்.

துகள்கள் ஒரே அளவாக வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது கருவாக்கம். மிகச் சிறிய கரு ஒன்று தோன்றும்போது, புதிய பரப்பை உண்டாக்கும் ஆற்றல் செலவு ஆரத்தின் இருமடியாகவும், திண்மமாவதால் வரும் ஆற்றல் ஆதாயம் ஆரத்தின் மும்மடியாகவும் அமைகின்றன. ஆகவே ஒரு குறிப்பிட்ட ஆரத்தைத் தாண்டாத கரு மீண்டும் கரைந்துவிடும். கரைசலில் உலோக அணுக்களின் செறிவு ஓர் எல்லையைத் தாண்டியதும் கருக்கள் சட்டென்று தோன்றி, அதனால் செறிவு எல்லைக்குக் கீழே இறங்கி, அதன்பின் புதிய கரு தோன்றாமல் இருப்பவை மட்டும் வளர்ந்தால், எல்லாத் துகள்களுக்கும் ஒரே வயது, எனவே ஏறத்தாழ ஒரே அளவு. லாமரும் டினெகரும் 1950-இல் கந்தகக் கூழ்மங்களுக்காக முன்வைத்த விளக்கம் இது. சூடான கரைப்பானில் உலோக உப்பை விரைந்து செலுத்துவதும், வலுவான ஒடுக்கியை ஒரே வீச்சில் சேர்ப்பதும் இந்தச் சிந்தனையிலிருந்து வந்தவையே. ஆயினும் இந்த விளக்கத்தை எல்லா உலோகங்களுக்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது. இரிடியத் துகள்களை ஆராய்ந்த வாட்ஸ்கியும் ஃபின்கேயும் 1997-இல் வேறொரு படத்தைத் தந்தனர்: கருவாக்கம் மெதுவாகத் தொடர்கிறது, ஆனால் தோன்றிய உலோகப் பரப்பே தன்மேல் மேலும் உலோகம் படிவதை வினையூக்குகிறது, வளர்ச்சி கருவாக்கத்தைவிட வெகு வேகமாக இருப்பதால் அளவு சீராகிறது. உங்கள் வினை எந்த வகையைச் சேர்ந்தது என்று அறியாமல் வெப்பநிலையையும் செறிவையும் மாற்றிக்கொண்டிருந்தால், முடிவுகள் ஒழுங்கற்றவையாகவே தோன்றும்.

பிளாட்டினத்துக்கு நான் முதலில் பரிந்துரைப்பது எத்திலீன் கிளைக்கால் முறை. குளோரோபிளாட்டினிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்த எத்திலீன் கிளைக்காலில் கரைத்து, மந்த வாயுவின் சூழலில் 160 பாகை அளவில் சூடாக்கினால், கிளைக்காலே ஒடுக்கியாகச் செயல்பட்டு 1 முதல் 3 நானோமீட்டர் துகள்களைத் தருகிறது. காரத்தின் அளவைக் கூட்டினால் துகள் சிறுக்கும். இதன் பெரிய நன்மை, பிறகு நீக்கக் கடினமான காப்புப் பொருள் எதுவும் பரப்பில் ஒட்டிக்கொள்வதில்லை. கனசதுரம், நான்முகி என்று வடிவத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் பெரும்பாலும் பாலிமரோ நீண்ட சங்கிலி அமீனோ தேவைப்படும். 1996-இல் எல்-சையது குழுவினர் பிளாட்டினத்தில் இத்தகைய வடிவங்களைக் காட்டிய பிறகு அழகான வடிவங்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் வடிவத்தைக் காத்த மூலக்கூறுகளே வினைக்கான பரப்பையும் மூடிவிடுகின்றன. அவற்றை எரித்து நீக்கினால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகின்றன. கழுவினால் முழுதாகப் போவதில்லை. நுண்ணோக்கிப் படத்தில் கச்சிதமாகத் தெரியும் கனசதுரம், மின்வாயில் ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு இதுதான் வழக்கமான காரணம். இரண்டு நடைமுறைக் குறிப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கண்ணாடிக் கலன்களை இராஜ திராவகத்தால் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களின் கலவை) கழுவாவிட்டால் முந்தைய வினையின் உலோகத் தடயமே அடுத்த வினையின் கருவாகிவிடும், காந்தக் கலக்கியின் கீறல்களில் உலோகம் தங்கும் என்பதால் அதையும் மாற்றுங்கள்.

துகள் கிடைத்துவிட்டது, அது என்ன என்று எப்படி அறிவது? ஊடுருவல் எலக்ட்ரான் நுண்ணோக்கி கண்ணுக்குத் தெரியும் சான்றைத் தருவதால் அதையே பலரும் முழுமையாக நம்புகிறார்கள். அது காட்டுவது மாதிரியின் மிகச் சிறு பகுதியை மட்டுமே. சில நூறு துகள்களையாவது வெவ்வேறு இடங்களிலிருந்து அளக்காமல் சராசரி சொல்லக் கூடாது. 20 நானோமீட்டர் துகள் ஒன்றின் நிறை, 3 நானோமீட்டர் துகள்கள் ஏறத்தாழ 300-இன் நிறைக்குச் சமம். படத்தில் அத்தகைய பெரிய துகள்கள் இரண்டு மூன்று விடுபட்டால், உலோகத்தின் கணிசமான பங்கு எங்கே இருக்கிறது என்பதையே தவறவிட்டுவிடுவோம். எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில் உச்சத்தின் அகலத்திலிருந்து ஷெரர் சமன்பாட்டால் பெறும் அளவு, கன அளவைச் சார்ந்த சராசரி. அதனால்தான் அது நுண்ணோக்கி தரும் எண்ணிக்கைச் சராசரியைவிட வழக்கமாகப் பெரிதாக வருகிறது. இரண்டும் வெகுவாக வேறுபட்டால் மாதிரியில் பெரிய துகள்கள் ஒளிந்திருக்கின்றன என்று பொருள். உலோகக்கலவைக்கு அதே விளிம்பு விளைவில் உச்சத்தின் நகர்வு அணு இடைவெளி சுருங்கியதைக் காட்டும். படிகமாகாத ஆக்சைடு அதில் தெரியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். எக்ஸ் கதிர் ஒளியெலக்ட்ரான் நிறமாலை சில நானோமீட்டர் ஆழத்தை மட்டுமே பார்க்கும், வெற்றிடத்தில் பார்க்கும். சின்க்ரோட்ரான் ஒளியில் எடுக்கும் எக்ஸ் கதிர் உட்கவர் நிறமாலைதான், மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டே, கரைசலுக்குள் இருக்கும் நிலையிலேயே, உலோகத்தின் ஆக்சிஜனேற்ற நிலையையும் சராசரி அண்டை எண்ணிக்கையையும் சொல்லக் கூடியது. ஆனால் அதுவும் எல்லா அணுக்களின் சராசரிதான், வேலை செய்யும் சில அணுக்களைத் தனியே காட்டாது.

மின்வேதி அளவீட்டில் கவனக்குறைவுக்கு மிகப் பெரிய விலை கொடுக்க நேரிடும். ஆக்சிஜன் ஒடுக்கத்துக்கு வழக்கமான முறை சுழலும் வட்ட மின்வாய்: கார்பன் மேல் ஏற்றிய துகள்களை மெல்லிய படலமாகப் படியவைத்து, 0.1 மோலார் பெர்குளோரிக் அமிலத்தில், நிமிடத்துக்கு 1600 சுற்றுகளில், மீள் ஹைட்ரஜன் மின்வாயை ஒப்பாகக் கொண்டு 0.9 வோல்டில் மின்னோட்டத்தைப் படிப்பார்கள். முதலில் உண்மையான பரப்பை அளக்க வேண்டும். ஹைட்ரஜன் அணுக்கள் பரப்பில் ஒற்றை அடுக்காகப் படியும் மின்னூட்டத்தை, பிளாட்டினத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 210 மைக்ரோகூலும் என்ற மதிப்பால் வகுத்தால் பரப்பு கிடைக்கும். நிக்கல் அல்லது கோபால்ட் கலவைகளில் ஹைட்ரஜன் முழுதாகப் படியாததால் இது பரப்பைக் குறைத்துக் காட்டும். குறைந்த பரப்பால் வகுத்தால் செயல்திறன் பெரிதாகத் தோன்றும். அதனால் கார்பன் மோனாக்சைடைப் படியவைத்து அகற்றும் அளவீட்டையும் இணையாகச் செய்ய வேண்டும். மின்வாயின் வடிவியல் பரப்பால் மட்டும் வகுத்துச் சொல்லும் எண்கள் எனக்கு நிறைவளிப்பதில்லை. அதிக வினையூக்கியை அள்ளிப் பூசினாலே அந்த எண் உயரும்.

மாசு இன்னும் ஆழமான பிரச்சினை. பிளாட்டினம் இல்லாத ஹைட்ரஜன் வெளியேற்ற வினையூக்கியைச் சோதிக்கும்போது எதிர் மின்வாயாக (மாதிரி மின்வாய்க்கு எதிரே நின்று மின்சுற்றை நிறைவுசெய்யும் துணை மின்வாயாக) பிளாட்டினக் கம்பியைப் பயன்படுத்தினால், அது சிறிதாகக் கரைந்து, உங்கள் மாதிரியின் மேல் படிந்து, நாள்பட நாள்பட உங்கள் வினையூக்கி தானே மேம்படுவதுபோல் காட்டும். கார்பன் தண்டைப் பயன்படுத்துவதே சரி. வெள்ளி-வெள்ளி குளோரைடு ஒப்பு மின்வாயிலிருந்து கசியும் குளோரைடு, ஆக்சிஜன் ஒடுக்கத்தில் பிளாட்டினத்தை நஞ்சூட்டும். காரக் கரைசலில் நிக்கல் ஆக்சிஹைட்ராக்சைடு ஆக்சிஜனை நன்றாக வெளியேற்றுவதாக நெடுநாள் கருதப்பட்டது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் மாசாக இருந்த மிகச் சிறிதளவு இரும்பு நிக்கலோடு சேர்வதே அந்தத் திறனின் பெரும்பகுதிக்குக் காரணம் என்பதைக் காரிகன் 1987-இல் சுட்டிக்காட்டினார். 2014-இல் இரும்பை முழுதாக நீக்கிய கரைசலில் பாட்சர் குழுவினர் அதை மேலும் உறுதிசெய்தனர். நைட்ரஜனை அம்மோனியாவாக ஒடுக்கும் ஆய்வுகளில் நிலைமை இன்னும் நுட்பமானது: காற்றிலும் கையுறையிலும் வாயு உருளையிலும் உள்ள அம்மோனியாவே கண்டறியப்பட்ட மொத்த அளவாக இருக்கலாம். நைட்ரஜன்-15 ஐசோடோப்பைக் கொண்டு, அந்த வாயுவையும் முன்னதாகச் சுத்திகரித்து, சரிபார்க்காத முடிவை ஏற்கக் கூடாது. ஒரு வினையூக்கி பற்றிய செய்தியைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது செயல்திறன் எண்ணை அல்ல. எதிர் மின்வாய் எது, கரைசலின் தூய்மை என்ன, உலோகமே இல்லாத வெற்றுச் சோதனை செய்யப்பட்டதா என்பவற்றைத்தான்.

வட்ட மின்வாயில் கிடைத்த எண் கலத்திலும் கிடைக்கும் என்று நம்பவும் கூடாது. வட்ட மின்வாயில் கரைந்த ஆக்சிஜனின் அளவே தடையாக இருப்பதால் மின்னோட்டம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 மில்லிஆம்பியரைத் தாண்டுவதில்லை. காரின் கலத்தில் தேவைப்படுவது ஒரு ஆம்பியரும் அதற்கு மேலும். அங்கே புரோட்டானைக் கடத்தும் பாலிமரின் சல்ஃபோனேட் தொகுதிகள் பிளாட்டினத்தின் மேல் ஒட்டுகின்றன, நீர் தேங்குகிறது, துளைகளுக்குள் ஆக்சிஜன் நுழையத் திணறுகிறது. அமெரிக்க எரிசக்தித் துறை வைத்த இலக்கு, 0.9 வோல்டில் ஒரு மில்லிகிராம் பிளாட்டின வகை உலோகத்துக்கு 0.44 ஆம்பியர், அது கலத்திலேயே அளக்கப்பட வேண்டியது. வட்ட மின்வாயில் அதைப் பல மடங்கு தாண்டிய துகள்கள் ஏராளம். கலத்தில் தாண்டி, பின் நிலைத்தும் நின்றவை சில.

நிலைப்புத்தன்மை குறித்து ஒன்றைச் சொல்ல வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது பிளாட்டினம் கரைகிறது. சிறிய துகளிலிருந்து கரைந்தது பெரிய துகளில் படிகிறது. துகள்கள் கார்பனின் மேல் நகர்ந்து ஒன்று சேர்கின்றன. கலத்தை நிறுத்தித் தொடங்கும்போது மின்னழுத்தம் 1.4 வோல்டையும் தாண்டக் கூடும் என்பதால் தாங்கியான கார்பனே ஆக்சிஜனேற்றமடைந்து அழிகிறது. உலோகக்கலவையில் கோபால்ட்டும் நிக்கலும் அமிலத்தில் கசிந்து போகின்றன. 0.6 முதல் 0.95 வோல்ட் வரை 30,000 சுழற்சிகள் என்பது வழக்கமான சோதனை. அதற்குப் பின் அதே துகளை நுண்ணோக்கியில் மீண்டும் பாருங்கள். நுண்ணோக்கியில் மாதிரியைத் தாங்கும் வலைத்தட்டில் ஒரே இடத்தைக் குறித்துவைத்து, முன்னும் பின்னும் படமெடுக்கும் முறை இதற்காகவே உருவானது. ஆக்கிய துகளின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு செயல்திறனுக்குக் காரணம் கற்பிப்பது, வேலை செய்யும்போது அந்த வடிவம் இருந்ததா என்றே தெரியாமல் பேசுவதாகும்.

பிளாட்டினம் இல்லாமல் முடியுமா என்ற கேள்விக்கு ஊடகத்தைப் பொறுத்தே பதில் சொல்ல முடியும். காரக் கரைசலில் முடியும்: நிக்கலும் இரும்பும் சேர்ந்த ஆக்சைடுகள் ஆக்சிஜன் வெளியேற்றத்துக்கும், நிக்கல்-மாலிப்டினம் ஹைட்ரஜன் வெளியேற்றத்துக்கும் நன்றாகவே வேலை செய்கின்றன. அமிலத்தில், ஆக்சிஜன் ஒடுக்கத்துக்கு, நைட்ரஜன் சூழ்ந்த தனி இரும்பு அணுக்களைக் கார்பனில் பதித்த பொருள்கள் பிளாட்டினத்தை நெருங்கியிருக்கின்றன. ஆனால் வினையில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கரைந்த இரும்பும் சேர்ந்து கார்பனைத் தாக்குவதால் அவை நெடுநாள் நிலைப்பதில்லை. அமில மின்னாற்பகுப்பியில் ஆக்சிஜன் வெளியேறும் பக்கத்தில் இரிடியத்துக்கு இன்னும் சரியான மாற்று இல்லை. உலகில் ஓராண்டில் கிடைக்கும் இரிடியம் 7 முதல் 8 டன் அளவே. எனவே அங்கே பிளாட்டினத்தைவிட இரிடியத்தைக் குறைப்பதே அவசரமான வேலை. புதிதாக ஆய்வுக்கு வருபவர் துறையைத் தேர்ந்தெடுப்பதற்கு அந்த இடத்தை நான் மனமாரப் பரிந்துரைப்பேன்.

எந்தத் துறையைத் தேர்ந்தெடுத்தாலும், உங்கள் சொந்தத் துகளை அளப்பதற்கு முன் கடையில் கிடைக்கும் கார்பன் மேல் ஏற்றிய பிளாட்டினத்தை வாங்கி, அதன் பரப்பையும் 0.9 வோல்டில் அதன் செயல்திறனையும் அளந்து பாருங்கள். வரம்பு மின்னோட்டம் (கரைந்த ஆக்சிஜனின் வரத்து அனுமதிக்கும் உச்ச மின்னோட்டம்) எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால் படலம் வட்டில் சீராகப் பரவவில்லை. பரப்பு குறைவாக இருந்தால் கலனோ நீரோ தூய்மையாக இல்லை. மின்னழுத்தத்துக்கு எதிராக மின்னோட்டத்தைக் காட்டும் வளைவு சாய்ந்து இழுபட்டிருந்தால் கரைசலின் மின்தடைக்குத் திருத்தம் செய்யவில்லை. அறியப்பட்ட மதிப்பு வெவ்வேறு நாட்களில் தயாரித்த படலங்களிலும் அதே அளவில் வரத் தொடங்கிய பிறகு உங்கள் மாதிரியை ஏற்றுங்கள்.